மெட்டு தெரிந்தவர்களுக்குத்தான் கோபம் வந்தது

சென்ற அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் நகரத்தின் பழைய ஆலயம் ஒன்றில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஆர்கன் வாசித்தான். வாசித்தது அவனே எழுதிய இசை. மொத்தம் ஒன்பது நிமிடம். ஆனால் அது கிளப்பிய சலசலப்பு நம் சங்கத்தின் மாதக் கூட்டம் வரை வந்துவிட்டது. "பழைய பாட்டைக் கெடுத்துவிட்டான்" என்றார்கள் சிலர். "சின்னப் பையன், போகட்டும் விடுங்கள்" என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் ஆசிரியரிடம் இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கிறிஸ்தவன் அல்லன். கொல்கத்தா கல்கத்தாவாக இருந்த நாளில் வங்கி வேலைக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் லேக் மார்க்கெட் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். எனக்குப் பழக்கமான சங்கீதம் கச்சேரி சங்கீதம். ஆர்கனைப் பற்றி நான் தெரிந்துகொண்டது பெரும்பாலும் எதிர்வீட்டுக் குடும்பத்தின் மூலமாகத்தான். அவர்கள் பொறையாற்றுக்காரர்கள், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். பையனுக்கு வயது இருபத்திரண்டு. அவனுடைய பாட்டிக்கு எண்பத்து நான்கு. கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை.

பையன் எடுத்துக்கொண்ட பாட்டு மார்ட்டின் லூத்தர் எழுதியது. கடவுளே நமக்குப் பலமான கோட்டை என்ற கருத்துடையது. பைபிளின் 46ஆம் சங்கீதத்தை அடிப்படையாகக் கொண்டு 1520களின் இறுதியில் லூத்தர் அதை ஜெர்மன் மொழியில் இயற்றினார். மெட்டும் அவருடையதே என்பர். தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளில் அதே மெட்டில் தமிழில் பாடுகிறார்கள். சீர்திருத்தத் திருநாளான அக்டோபர் 31ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று அந்தப் பாட்டு இல்லாமல் ஆராதனை நடக்காது. நம் சங்கீதக் கணக்கில் சங்கராபரணத்துக்கு நெருங்கிய சுரங்கள். மேல் ஷட்ஜத்தை மூன்று முறை அழுத்திச் சொல்லித் தொடங்கும். படிப்படியாக இறங்கிக் கீழ் ஷட்ஜத்தில் வந்து உட்காரும். கேட்டால் ஒரு படை நடந்து வருவது போல இருக்கும். சபையார் எல்லோரும் எழுந்து நின்று உரக்கப் பாடுவார்கள்.

பையன் இதை என்ன செய்தான்? காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளில் தொடங்கினான். மிகத் தாழ்ந்த ஒலி. காதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்டது. அது அடங்காமல் புரண்டுகொண்டே இருந்தது. அதன் மேல் அந்த மூன்று சுரங்களை ஒவ்வொன்றாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வைத்தான். நான்காவது சுரம் வர வேண்டிய இடத்தில் வேறொரு சுரம் வந்து மோதியது. மறுபடியும் தொடங்கினான், மறுபடியும் தடைப்பட்டது. நடுவில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களைச் சேர்த்து அழுத்தியபோது பலருக்கும் முகம் சுளித்தது. கடைசி ஒரு நிமிடத்தில்தான் எல்லா ஓசையும் நின்று, ஒற்றைப் புல்லாங்குழல் போன்ற மெல்லிய நாதத்தில் மெட்டு முழுதாக வந்தது. கீழ் ஷட்ஜத்தில் இறங்கி நின்றதும் கையை எடுத்துவிட்டான். பெரிய முழக்கம் ஏதும் கிடையாது.

வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர் அவனை நிறுத்தினார். "தம்பி, இது வெற்றிப் பாட்டு. இதைப் போய் இழவுப் பாட்டாக்கிட்டியே" என்றார். இன்னொருவர், "எங்க அப்பா காலத்துலேருந்து பாடுற மெட்டை நாலா உடைச்சுப் போட்டுட்டே" என்றார். அம்மாமார் சிலர் அவன் தாயாரிடமே குறைப்பட்டுக்கொண்டார்கள். பையன் பதில் பேசாமல் நின்றான்.

அந்தக் குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. தியாகராஜ கிருதி ஒன்றை யாராவது சுரம் மாற்றிப் பாடினால் நானும் எழுந்து போகிறவன்தான். ஒரு பாட்டு வெறும் சுர வரிசை அல்ல. அதைக் கல்யாணத்திலும் பாடியிருப்பார்கள், சாவு வீட்டிலும் பாடியிருப்பார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது ஊரிலிருந்து எடுத்துவந்த பண்டம். வீட்டை விற்றுவிடலாம், நிலத்தை விற்றுவிடலாம். பாட்டை மட்டும் யாரும் விற்கவில்லை. அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது.

ஆனால் இந்தப் பயமும் இந்தக் கோபமும் புதியவை அல்ல என்பதை அன்பர்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன்.

ஜெர்மனியில் ஆர்ன்ஸ்டாட் என்று ஒரு சிறு நகரம். அங்கே ஓர் இருபது வயது இளைஞர் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையில் இருந்தார். புக்ஸ்டஹூட என்ற மூத்த ஆர்கன் வித்வானைக் கேட்பதற்காக நான்கு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள லூபெக் நகருக்குப் போனார். நான்கு வாரத்தில் திரும்ப வேண்டியவர் ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து வந்தார். வந்ததிலிருந்து அவர் வாசிப்பே மாறிவிட்டது. 1706 பிப்ரவரி 21 அன்று சபை நிர்வாகிகள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விடுப்பை மீறியது ஒரு குற்றம். பாட்டுகளில் விசித்திரமான மாறுதல்களைச் செய்து, அந்நிய சுரங்களைக் கலந்து, பாடும் சபையாரைக் குழப்புகிறார் என்பது இன்னொரு குற்றம். அந்த இளைஞர்தான் யோஹான் செபாஸ்டியன் பாக். ஆலய இசைக்கே இலக்கணம் என்று இன்று உலகம் கொண்டாடுகிறதே, அவரேதான்.

அதே 1706ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று, டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். சீகன்பால்க் ஒருவர், புளூச்சோ மற்றவர். லூத்தர் மரபுப் பாட்டுகளின் மெட்டுகள் தமிழுக்கு வந்தது அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் செய்த காரியம். 1740இல் வந்த பெப்ரிசியஸ் ஐயர் நிறையப் பாட்டுகளைத் தமிழாக்கினார். ஜெர்மன் மெட்டில் தமிழ்ச் சொற்களை உட்கார வைப்பது எளிதா? நம் குறில் நெடில் கணக்கு வேறு. அவர்கள் அழுத்தக் கணக்கு வேறு. முதன்முதலில் கேட்ட தஞ்சாவூர்ச் சீமைக் காதுகளுக்கு அது எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்! பிற்பாடு தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் ராகங்களிலேயே கீர்த்தனைகள் செய்து இன்னொரு பெரிய ஓடையைத் திறந்தார்கள். இருந்தும் ஞானப்பாட்டு மறையவில்லை. இன்று அது 'எங்க அப்பா காலத்து மெட்டு' ஆகிவிட்டது. ஒரு காலத்துப் புதுமைதான் இன்னொரு காலத்துக்கு மரபாகிறது.

பழைய மெட்டின் மீது ஆர்கனுக்கு இசை எழுதுவது என்பது என்ன? நம் வாசகர்களில் பலர் ஆர்கனை அருகில் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். காலால் மிதிக்கும் ஆர்மோனியப் பெட்டியையும் ஊரில் ஆர்கன் என்பார்கள். நான் சொல்வது குழாய் ஆர்கன். துருத்தியிலிருந்து வரும் காற்று நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான குழாய்களில் ஊதப்படுகிறது. ஒரே மாதிரி நாதம் தரும் குழாய்கள் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குமிழ்; அதற்கு ஸ்டாப் என்று பெயர். அதை இழுத்தால் அந்த வரிசை பேசும். புல்லாங்குழல் போல ஒரு வரிசை, எக்காளம் போல ஒரு வரிசை. கைகளுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கட்டைகள், கால்களுக்குத் தனியே பெடல் கட்டைகள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று தனித்தனி ஓட்டங்களை நடத்தலாம்.

இந்த வாத்தியத்தில் கமகம் கிடையாது. வீணைத் தந்தியைப் போல இழுத்து அசைக்க முடியாது. விரலை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் கூடாது. ஆனால் பியானோவில் சுரம் பிறந்த கணத்திலிருந்தே தேயும். ஆர்கனில் விரலை எடுக்கும் வரை தேயவே தேயாது. அதனால் மெட்டை மிக நீளமாக இழுத்து ஒரு குரலில் வைத்துவிட்டு, மற்ற குரல்களை அதைச் சுற்றி ஓடவிடலாம். கச்சேரியில் நிரவல் கேட்டிருக்கிறோம். ஒரே வரியை எடுத்துக்கொண்டு, சொல்லும் தாளத்தில் அதன் இடமும் மாறாமல், சங்கதியை மட்டும் விதவிதமாக வளர்ப்பார்கள். ஜெர்மானியர்களின் 'கோரல்' முன்னிசைக்கு எனக்குத் தெரிந்த கிட்டத்து உவமை அதுதான். கோரல் என்றால் சபையார் பாடும் பாட்டு. அவர்கள் பாடத் தொடங்கும் முன் மெட்டை நினைவூட்டவும், பாட்டின் பாவத்தை மனத்தில் ஏற்றவும் ஆர்கன்காரர் சிறிது வாசிப்பார். அந்தச் சிறு வேலையிலிருந்துதான் இவ்வளவு பெரிய கலை வளர்ந்தது.

பாக் வைமார் நகரில் இருந்தபோது, 1708க்கும் 1717க்கும் இடைப்பட்ட காலத்தில், ஒரு சிறு புத்தகம் தயார் செய்தார். அதற்கு 'ஆர்கன் சிறுநூல்' என்று பெயர். ஆர்கன் பயிலத் தொடங்குகிறவர்கள் கோரலை எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்று கற்பதற்கான நூல் என்று அதன் முகப்பில் எழுதினார். வெற்றுப் பக்கங்களின் தலைப்பில் 164 பாட்டுகளின் பெயர்களை வரிசையாக முன்கூட்டியே எழுதி வைத்தார். அவற்றில் எழுதி முடித்தவை 46. ஒரு பாட்டை இரண்டே அளவை எழுதி நிறுத்திவிட்டார். மற்ற பக்கங்களில் தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே வெறும் கோடுகள். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. நம் காலத்தில் வில்லியம் வைட்ஹெட் என்ற ஆங்கில ஆர்கன் கலைஞர் ஒரு முயற்சி எடுத்தார். காலியாக நின்ற 118 பாட்டுகளுக்கும் இன்றைய இசையமைப்பாளர்களைக் கொண்டு, அவரவர் பாணியில், புதிதாக எழுதச் செய்தார். பாக் மாதிரி நடித்து எழுதச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பாக் வைத்த தலைப்பு. நம் காலத்துக் கை.

இவ்வளவு தாராளமாக மாற்றலாமா என்று கேட்கலாம். மாற்றாமல் வந்த பழமை எது? நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் லத்தீனில் இயற்றிய ஒரு வருகைக்காலப் பாட்டு உண்டு. அதை லூத்தர் 1524இல் ஜெர்மனில் பெயர்த்து, பழைய மெட்டையும் சபையார் பாடும்படி செப்பனிட்டார். பாக்கின் ஆர்கன் சிறுநூல் அந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. 1933 வாக்கில் ஹ்யூகோ டிஸ்ட்லர் என்ற இளைஞர் அதே மெட்டை எடுத்து ஆர்கனுக்கு ஒரு நீண்ட இசைக்கோவை எழுதினார். லூபெக் நகரத்து யாக்கோபு ஆலயத்தில் பதினேழாம் நூற்றாண்டுச் சிறிய ஆர்கன் ஒன்றை அவர் வாசித்து வந்தார். அந்தப் பழைய வாத்தியத்தின் தெளிவான நாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டுக்கே உரிய கூர்மையான சுரச் சேர்க்கைகளில் எழுதினார். அவர் காலம் கொடிய காலம். நாஜி ஆட்சியின் நெருக்கடிகளுக்கிடையே 1942இல் முப்பத்து நான்கு வயதில் பெர்லினில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இசையில் கேட்கும் பதற்றத்தைப் 'பழைய பாட்டுக்குப் பொருந்தாது' என்று யார் சொல்ல முடியும்? அவர் அந்தப் பாட்டைப் பாடிய நாட்கள் அப்படிப்பட்டவை.

ஊர் விட்டு வந்த நமக்கு இன்னொரு மெட்டின் கதை பிடிக்கும். 'இன்ஸ்ப்ரூக் நகரமே, உன்னை விட்டுப் போகிறேன்' என்ற பொருளில் ஒரு பழைய ஜெர்மன் பாட்டு. 1517இல் காலமான ஹைன்ரிக் ஈசாக் என்பவரின் இசையமைப்பில் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. ஊரையும் அன்புக்குரியவரையும் பிரிந்து போகிறவனுடைய பாட்டு அது. பக்திப் பாட்டே அல்ல. பிறகு யாரோ நகரத்தின் பெயரை எடுத்துவிட்டு 'உலகமே' என்று வைத்தார்கள். அது மரணப் படுக்கையில் பாடும் ஞானப்பாட்டாயிற்று. பாக் மத்தேயு பாடுகள் இசையில் அதே மெட்டை எடுத்தாண்டார். 1896இல், நெடுநாள் தோழி கிளாரா ஷூமன் மறைந்த பின், நோயாளியாகப் போகிற பிராம்ஸ் ஆர்கனுக்குப் பதினொரு கோரல் முன்னிசைகள் எழுதினார். கடைசியானது இந்த மெட்டு. ஒவ்வொரு வரி முடிந்ததும் அதன் வால் மெல்லிதாக ஒருமுறை, இன்னும் மெல்லிதாக ஒருமுறை திரும்பக் கேட்கும். ரயில் ஜன்னலிலிருந்து கையசைக்கிறவர் சிறுத்துக்கொண்டே போவதுபோல எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் பிராம்ஸ் எழுதவில்லை. மறு வருடம் ஏப்ரலில் காலமானார். ஊரைப் பிரிகிற பாட்டு எத்தனை கை மாறி, எத்தனை பொருள் மாறி வந்திருக்கிறது பாருங்கள். யாரும் தொடாமல் வைத்திருந்தால் அது இன்ஸ்ப்ரூக்கைத் தாண்டி வந்திருக்குமா?

நம் பையனிடம் திரும்புகிறேன். கோட்டைப் பாட்டு உரக்கத்தான் ஒலிக்க வேண்டும் என்பது பெரியவர்கள் கட்சி. 1898இல் மாக்ஸ் ரேகர் அதே மெட்டில் எழுதிய ஆர்கன் இசை கூரை அதிர ஒலிக்கும் என்பது உண்மை. ரேகர் பிறப்பால் கத்தோலிக்கர் என்பது வேறு விஷயம். ஆனால் மென்டல்சான் 1830இல் எழுதிய தம் ஐந்தாம் சிம்பனியின் கடைசிப் பகுதியை அதே மெட்டில், துணையில்லாத ஒற்றைப் புல்லாங்குழலில்தான் தொடங்குகிறார். மெதுவாகச் சொன்னால் கோட்டை இடிந்துவிடாது.

அப்படியானால் தாழ்ந்த ஸ்தாயியில் புரண்டுகொண்டிருந்த அந்த ஓசை எதற்கு? மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இதைப் பையனிடமே கேட்டேன். அவன் பாட்டியைப் பார்த்தான். பாட்டிதான் சொன்னார்.

"தம்பி, அந்தச் சங்கீதத்தைப் படிச்சுப் பாருங்க. மலை நடுங்கும், கடல் கொந்தளிக்கும், அப்பவும் பயப்படமாட்டோம்னுதான் இருக்கு. பாட்டுக்குள்ள தண்ணி இருக்கு. நாங்க அதை மறந்துட்டுச் சத்தமாப் பாடிட்டு இருந்தோம். 2004 டிசம்பர்ல தரங்கம்பாடிக்குத் தண்ணி வந்தப்புறம்தான் எனக்கே அது உறைச்சுது. என் தம்பி வீட்ல ரெண்டு பேர் போயிட்டாங்க. அடுத்த ஞாயிறு ஆராதனையில அந்தப் பாட்டுப் பாடினப்போ ஒருத்தருக்கும் குரல் எழும்பல. கடைசி வரி மட்டும் யாரோ ஒரு பொம்பளப்புள்ள தனியாப் பாடிச்சு. இதை நான்தான் இவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

தரங்கம்பாடியை அந்த ஆழிப்பேரலை எப்படிச் சூறையாடியது என்று பத்திரிகையில் படித்தவன்தான் நான். அந்த ஒற்றைக் குழல் நாதம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்த பேரன், பாட்டி வாயால் கேட்டதை இருபது வருடம் கழித்து ஆர்கனில் எழுதியிருக்கிறான். பாட்டின் பொருளுக்கு அவன் வெளியே போகவில்லை. இன்னும் உள்ளேதான் போயிருக்கிறான்.

அதற்காக அவனிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுப்பகுதி இரண்டு நிமிடம் நீளம். இன்னொரு தவறு பெரியது. நிகழ்ச்சித் தாளில் 'நவீன ஆர்கன் இசை' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். எந்தப் பாட்டு, எந்தச் சங்கீதம் என்று ஒரு வரி இல்லை. முதலில் சபையார் எழுந்து அந்தப் பாட்டை ஒரு தடவை பாடிவிட்டு, பிறகு அவன் வாசித்திருக்க வேண்டும். மெட்டு காதில் பசுமையாக இருக்கும்போதுதான் அது எங்கே மறைகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று மனம் தேடும். பழைய மெட்டை எடுத்துப் புது இசை எழுதுகிறவர்களுக்கு இருக்கும் கடமை இதுதான்: கேட்கிறவர் பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி வைக்க வேண்டும். பாட்டு எங்குமே தட்டுப்படாவிட்டால், அந்தப் பாட்டின் பெயரைத் தலைப்பில் போட்டுக்கொள்ள உரிமை கிடையாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். விடைபெறும்போது பையன் வாசல் வரை வந்து ஒன்று சொன்னான்.

"மாமா, திட்டினவங்க மேல எனக்கு வருத்தமே இல்ல. நாலாவது சுரத்துல உடைச்சேன்னு அவங்க கரெக்டா சொன்னாங்க. அந்த இடத்துல அவங்களுக்கு வலிக்கணும்னுதான் எழுதினேன். என் வயசுப் பசங்க, கசின்ஸ் எல்லாம் வந்து 'சூப்பர்டா, சினிமா பேக்ரவுண்ட் மாதிரி இருக்கு'ன்னு கைகொடுத்தாங்க. அவங்களுக்கு எது உடைஞ்சதுன்னே தெரியல. பாட்டே தெரியாது."

இரண்டு மூன்று நாட்கள் இந்தப் பேச்சு என்னை விடவில்லை. அன்று கோபப்பட்டவர்கள்தான் அந்த இசையை முழுவதும் கேட்டவர்கள். மெட்டு அவர்கள் மனத்தில் நேராக ஓடிக்கொண்டிருந்ததால்தான் அது வளைந்த இடம் உறுத்தியது. பாராட்டியவர்களின் மனத்தில் மெட்டு இல்லை. அதனால் உறுத்தலும் இல்லை. பையன்கள் பாட்டை உடைக்கிறார்கள் என்று நாம் அஞ்சுகிறோம். உடைத்ததுகூடத் தெரியாமல் ஒரு தலைமுறை கைதட்டுகிறதே, அதைக் கண்டல்லவா அஞ்ச வேண்டும்!

இது ஞானப்பாட்டுக்கு மட்டும் உரிய சங்கதியா? என் பேத்தி தில்லியில் வளர்கிறாள். நன்றாகவே பாடுவாள். திருப்பாவையில் ஒரு பாசுரம் சொல்லச் சொன்னேன், கைப்பேசியைத் தேடினாள். நம் வீடுகளில் தாலாட்டு போயிற்று, கும்மி போயிற்று. ஆண்டு விழாவில் ஒலிநாடாவுக்கு வாயசைத்த நாட்கள் போய், இப்போது கணினியில் பதிவை ஓடவிட்டு ஆடுகிறோம். யாரும் எந்தப் பாட்டையும் கெடுக்கவில்லை. கெடுக்கிற அளவுக்கு யாருக்கும் எந்தப் பாட்டும் தெரியவில்லை.

எனவே பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் ஆளுக்கொரு வேண்டுகோள். பெரியவர்களே, பிள்ளைகளுக்குப் பாட்டை மனப்பாடமாகக் கொடுங்கள். இணையத்தில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வாய்விட்டுப் பாடுங்கள். எந்தச் சாவில், எந்தக் கல்யாணத்தில், எந்த வெள்ளத்தில் அதைப் பாடினீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பொறையாற்றுப் பாட்டி சொல்லாவிட்டால் அந்த ஒன்பது நிமிட இசை பிறந்திருக்காது. கொடுத்த பின், அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஆனால் மறுதடவை கேட்க வாருங்கள். இளைஞர்களே, மாற்றுவதற்கு முன் மாற்றாமல் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பையன் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே நான்கு குரலையும் வாசிப்பான். அதற்குப் பிறகுதான் அவன் உடைத்தான்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை வைக்கிறேன். வரும் பொங்கல் விழாவில் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். தேவாரமோ, திருப்புகழோ, ஞானப்பாட்டோ, நாகூர்ப் பாட்டோ, நாட்டுப்பாடலோ, பழைய பாட்டு ஒன்றைச் சபையே எழுந்து ஒருமுறை பாடட்டும். பிறகு நம் பிள்ளைகளில் ஒருவர் தமக்குத் தெரிந்த வாத்தியத்தில், தம் காலத்து இசையில், அதே பாட்டை எடுத்து வாசிக்கட்டும். கிடாரோ கீபோர்டோ எதுவானாலும் சரி. பாடிவிட்டுக் கேட்டால் திட்டுகிறவர்களும் சரியான இடத்தில் திட்டுவார்கள். பாராட்டுகிறவர்களுக்கும் எதைப் பாராட்டுகிறோம் என்று தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒரு செய்தி. பையனை நிறுத்தித் திட்டிய அந்தப் பெரியவர் போன வாரம் எதிர்வீட்டுக்கு வந்திருந்தார். பாட்டியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பையனிடம், "எனக்கு இன்னும் பிடிக்கல தம்பி. ஆனா அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை இன்னொரு தடவை வாசி, கேட்கிறேன்" என்றாராம். வீட்டில் இருப்பது பழைய மிதி ஆர்மோனியம்தான். அதில் வாசித்தானாம். பெரியவர் கூடவே தமிழில் பாடினாராம்.